உணவு நல விழிப்புணர்வு மையத்தின் முதல் பயனாளி

தர மதிப்பீட்டுக் குழுவினர் காரை விட்டு இறங்கிய நேரத்தில், பன்னீர்ச் செம்போடு கல்லூரி வாசலில் நின்றிருந்த பெண் மயங்கி விழுந்தாள். விழுந்ததோடு போயிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். செம்பு உருண்டுபோய்க் குழுத் தலைவரின் காலணியை நனைத்துவிட்டது. அதனால்தான் அவர் குனிந்து பார்க்க நேர்ந்தது.

"இந்தப் பொண்ணு காலையில சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

"விரதம் சார். எங்க மாணவிகளுக்கு பக்தி ஜாஸ்தி" என்றார் முதல்வர் முனைவர் பகலவன்.

அதற்குள் கண் விழித்துவிட்ட அந்தப் பெண், தன்னைச் சுற்றி நிற்பவர்கள் யாரென்று தெரியாமலே, "விரதம்லாம் இல்ல சார். சாப்பிடல, அவ்வளவுதான்" என்றாள்.

அவள் பெயர் பேச்சி. முதலாமாண்டு வணிகவியல். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து படிக்க வந்தவள். பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று வரவேற்புக்கு நிறுத்தியிருந்தார்கள். லட்சணம் என்று அவர்கள் நினைத்தது பாதிக்கு மேல் ஒல்லிதான் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வணிகவியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்த ஜீவானந்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். யோசித்துச் செய்த காரியம் இல்லை. பிற்பாடு அதைப் பற்றி நிறைய யோசித்தார்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகாலுக்குப் போகிற வழியில், கதவுக் கைப்பிடிக் கம்பெனிக்கும் சரக்குக் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது திருவளர்மதி கலை அறிவியல் கல்லூரி. தாளாளர் புருஷோத்தமன் தன் மனைவி பெயரில் கட்டியது. குழுவின் அறிக்கை வந்தது. கட்டடம் நன்று, தோட்டம் நன்று, கேமராக்கள் மிக நன்று. கடைசியில் ஒரே ஒரு வரி: மாணவர்களின் உணவு நலனில் கவனம் தேவை. அந்த வரியால் கல்லூரியின் தரம் ஒரு படி இறங்கியது. அடுத்த ஆண்டு மறுபடி வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார்கள்.

முதல்வர் உடனே கூட்டம் போட்டார். சமோசாவும் முந்திரிப் பருப்பும் வந்தன.

"நம்ம கல்லூரியில பசி இருக்குன்னு வெளியில தெரிஞ்சுபோச்சு" என்று வருத்தத்தோடு ஆரம்பித்தார். "இனிமே அதை அப்படியே விட முடியாது. முறைப்படுத்தணும்."

உணவு நல விழிப்புணர்வு மையம் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. யாரை ஒருங்கிணைப்பாளராகப் போடுவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு பிஸ்கட் குடுத்தது யாரு?" என்று கேட்டார் பகலவன்.

ஜீவானந்தம் தயங்கிக் கையைத் தூக்கினார். பிஸ்கட் கொடுத்ததற்கு விளக்கம் கேட்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தார்.

"இந்தத் துறையில முன்அனுபவம் உள்ள ஒரே ஆள் நீங்கதான், ஜீவானந்தம்" என்று முதல்வர் கையை நீட்டினார். ஒப்பந்தம் ஜூன் மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. ஜீவானந்தம் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் மனைவி மஞ்சுளாவுக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. "பசங்களுக்குச் சோறு போடப்போறாங்களா? நல்ல விஷயந்தான? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு உக்காந்துகீறீங்க?" என்றாள். ஜீவானந்தத்துக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. யாராவது ஒரு பிள்ளைக்காவது சோறு கிடைத்தால் சரி என்று சொல்லிக்கொண்டு படுத்தார்.

நிதி தர கதவுக் கைப்பிடிக் கம்பெனி முன்வந்தது. அங்கே சமூகப் பொறுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பிரசன்னா, மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். பேசும்போது கண் கலங்கும்.

"சோறு போடறது ஈஸி சார்" என்றார். "யாரு வேணா போட்டுடலாம். ஆனா சோறு இருக்குன்னு ஒரு ஸ்டூடண்டுக்கு தெரியலைன்னா, அந்தச் சோறு இருந்து என்ன யூஸ்? அதனால ஃபர்ஸ்ட் ஃபேஸ் முழுக்க அவேர்னெஸ். சோறு செகண்ட் ஃபேஸ்."

"அப்போ முதல் கட்டத்துல எதைப் பத்தி விழிப்புணர்வு குடுக்கறது, சார்?" என்று கேட்டார் ஜீவானந்தம்.

"செகண்ட் ஃபேஸ்ல வரப்போற சோறைப் பத்தி."

முதல்வர் இதைக் குறித்துக்கொண்டார். நிதி செலவாகத் தொடங்கியது. மையத்துக்கு ஒரு சின்னம் வரைந்தார்கள்: திறந்த புத்தகத்தின் மேல் ஆவி பறக்கும் தட்டு. அந்தச் சின்னம் போட்ட தொப்பி வந்தது, பனியன் வந்தது, ஒரு பாட்டுகூட வந்தது. மிச்சத்தில் ஒரு நாள் சாப்பாடு போடலாம் என்று கணக்கு வந்தது. அதைத் தொடக்க விழாவுக்கு ஒதுக்கினார்கள்.

விழிப்புணர்வு வகுப்பு மதிய இடைவேளையில் நடந்தது. மற்ற நேரத்தில் பாடம் இருந்தது. அதோடு, பசியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை என்பது முதல்வரின் கருத்து. கம்பெனி அனுப்பிய படங்களைத் திரையில் ஓட்டி ஜீவானந்தம் பாடம் நடத்தினார். பசி, ஓர் அறிமுகம். பசிக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு. பசியைக் கண்ணியமாகத் தெரிவிப்பது எப்படி. வருகை கட்டாயம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கேண்டீனுக்கு ஓடும்போது அங்கே அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

மையம் வேலையைத் தொடங்கிய பிறகு, கல்லூரியில் மதியம் சாப்பிடாதவர்கள் முன்னைவிட அதிகமானார்கள். பிரசன்னாவிடம் இதைத் தயக்கத்தோடு சொன்னார் ஜீவானந்தம். பிரசன்னாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? இதுக்கு ஒரு தேவை இருக்குன்னு ப்ரூவ் ஆயிடுச்சு!"

ஆனால் ஒரு சங்கடம். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், உணவு உதவி தேவைப்படுவோர் கை தூக்கலாம் என்று அறிவிக்க வேண்டும். ஜீவானந்தம் அறிவிப்பார். ஒரு கையும் எழாது. பின்வரிசையில் யாராவது பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவான். வகுப்பே சிரிக்கும். தொடக்க விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. பயனாளி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

பசித்த பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று ஜீவானந்தம் தேடிப் போனார். விழிப்புணர்வு வகுப்பு இல்லாத ஒரு மதியத்தில் நூலகத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உட்கார இடமில்லை. நூலகர் லீலா பெருமையோடு எழுந்து வந்தார்.

"மாசக் கடைசியில வந்து பாருங்க சார், நிக்கக்கூட எடம் இருக்காது. இந்தக் காலத்துப் பசங்க படிக்கறதில்லைன்னு யாரு சொன்னது?" என்றார். சிறந்த வாசிப்புச் சூழலுக்காகத் தாளாளர் கையால் வாங்கிய கேடயம் அவர் மேசைமேல் இருந்தது.

மூலையில் பேச்சி செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் அதில் இல்லை.

"இன்னாம்மா பேச்சி, சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"இன்னா சாப்ட்ட?"

பொய் பழகியவளாக இருந்தால் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பாள். பேச்சி யோசித்தாள். "காலையில ஒரு வாழப்பழம். அக்கா கம்பெனியிலருந்து கொண்டாந்தது."

ஜீவானந்தம் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். அவளும் மெதுவாகச் சொன்னாள். பென்னலூரில் பெரியம்மா மகளோடு தங்கியிருந்தாள். ஒரே அறையில் அரை டஜன் பெண்கள். மற்ற எல்லோரும் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

"அவியளுக்கு அடுப்பு தேவையில்ல சார். வேலைக்குப் போனா அங்கனயே சோறு. வீட்டுக்காரரும் அடுப்பு வைக்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்காவ மட்டும் எப்படி வைக்கச் சொல்லுதது? அக்கா பழம், முட்டைன்னு எடுத்து மறைச்சுக் கொண்டாருவா. கம்பெனி கேட்டுல பையைத் தொறந்து பாத்தா அதுவும் போச்சு."

"வூட்ல சொன்னியா?"

"எங்க ஐயா சந்தையில வாழத்தாரு சுமக்காவ சார். சாப்பிட்டியான்னு தெனம் போன் போட்டுக் கேப்பாவ. சாப்பிட்டேம்பேன். வேற என்னத்தச் சொல்ல?"

ஜீவானந்தம் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். முதல் முறையாக ஒரு ஆள் அதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டது. பேச்சிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"எம் பேரு வெளிய வராதுல்லா சார்?"

"வராதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் ஜீவானந்தம். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் முதல்வரிடம் போய்ப் பயனாளி கிடைத்துவிட்டதாகச் சொன்னார். பகலவன் மகிழவில்லை.

"பசின்னு சொன்னா போதுமா? ஆதாரம்? நாளைக்கே சாப்பிட்ட பிள்ளைங்களும் வந்து பசின்னு நின்னா? கம்பெனிக்கு நான் பதில் சொல்லணும்."

கல்லூரிக்கு வாரம் ஒருமுறை வரும் மருத்துவரிடம் பேச்சியை அனுப்பினார்கள். ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று அவர் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு முறை எடுத்தார். அதில் சிக்கல் எதுவும் இல்லை, பேச்சி எப்போதும் தயாராகத்தான் இருந்தாள். "போய்ச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வா" என்றார் மருத்துவர். பேச்சி வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். ரெண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல சார்."

"சாப்பிடாம வந்தா எப்படிம்மா டெஸ்ட் பண்றது? அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் இதேதான் நடந்தது. சாப்பிட வழியிருந்தால் அந்தப் பெண் ஏன் சோதனைக்கு வரப்போகிறாள் என்று மருத்துவரிடம் கேட்டார் ஜீவானந்தம். அது மருத்துவம் சார்ந்த கேள்வி இல்லை என்று மருத்துவர் சொன்னார். சரி, இது தொலையட்டும் என்று மூன்றாவது வாரம் ஜீவானந்தமே அவளைச் சாலையோரக் கடைக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். அவள் கேட்காமலே கடைக்காரம்மா இன்னும் இரண்டு வைத்து வடகறியை ஊற்றினாள். சோதனை முடிந்தது. அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, இந்த மாணவிக்குப் பசி இல்லை என்று முடிவு வந்தது.

முதல்வர் ஜீவானந்தத்தை நிற்க வைத்துப் பேசினார். "நல்ல பயனாளி. உங்க இட்லிதான் அந்தப் பொண்ணோட தகுதியைக் கெடுத்துடுச்சு."

ஜீவானந்தம் வீட்டில் இதைச் சொன்னபோது மஞ்சுளா எழுந்துபோய் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். மறுநாளிலிருந்து அவர் பையில் இரண்டு டிபன் பாக்ஸ்கள் இருந்தன. பேச்சி முதல் நாள் வேண்டாம் என்றாள். இரண்டாம் நாள் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் பாக்ஸைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்து, "ஒங்க வீட்டு அக்காகிட்ட கொழம்பு நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க சார்" என்றாள். அந்த ஒரு வாரம்தான் மையம் ஒழுங்காக நடந்த வாரம். மையத்துக்கு அது தெரியாது.

தெரிந்ததும் நிறுத்தினார்கள். வாசல் காவலர் பையைத் திறந்து இரண்டாவது பாக்ஸை வெளியே எடுத்து வைத்தார். அங்கீகாரமில்லாத உணவு வளாகத்துக்குள் வரக்கூடாது என்று ஜீவானந்தத்துக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

"நீங்க பாட்டுக்கு தினம் சோறு குடுத்துட்டே இருந்தா, தொடக்க விழா அன்னைக்கு நாங்க யாரை வச்சுத் தொடங்கறது?" என்று கேட்டார் பகலவன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். "கொஞ்ச நாள் பொறுங்க. இரத்தச் சோதனையை மறந்துடலாம். விழாவுக்கு அந்தப் பொண்ணையே வச்சுக்கறோம். பிரசன்னா சாருக்கு அசல் ஆள்தான் வேணுமாம்."

"பேரு வெளிய வராதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக்கீறேன், சார்."

"வராது, வராது" என்றார் பகலவன்.

விழா குளிரூட்டப்பட்ட அரங்கத்தில் நடந்தது. பிள்ளைகள் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஒலித்தது. தாளாளர் புருஷோத்தமன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் எழுதி வைத்துப் பேசுகிறவர் அல்ல.

"நான் இந்த ஊர்க்காரன். இந்த காலேஜு நிக்கிற எடத்துல அந்தக் காலத்துல இன்னா இருந்திச்சி? நெல்லு. மூணு போகம். வெறும் சோறு, வேற ஒண்ணும் கெடையாது! இன்னிக்கிப் பாருங்க. மூணு மாடி, லிப்டு, ஏசி. சோத்தத் தவிர எல்லாம் கீது!"

கைதட்டல்.

"பசின்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்க நெலத்துல வேல செஞ்சவங்களத் தெனம் பாத்து வளந்தவன் நான். பசியோட இருக்கறவன்தான் ஒழுங்கா வேல செய்வான், ஒழுங்காப் படிப்பான். அதனால பசிய ஒரேடியா எடுத்துடக் கூடாதுன்னு முதல்வர்கிட்ட சொல்லிக்கீறேன். எங்க கருணை செம்பரம்பாக்கம் ஏரி மாதிரி. மொத்தமாத் தொறந்து வுட்டா நீங்க தாங்க மாட்டீங்க. அதான் பாத்துப் பாத்துக் கொஞ்சமாத் தொறக்கறோம்."

அந்த ஏரியைத் திறந்துவிட்ட பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர், தட்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் தட்டினார்கள்.

பேச்சியை மேடைக்கு அழைத்தார்கள். வாழை இலையில் சாம்பார் சாதம், அப்பளம், கேசரி. பிரசன்னா கண் கலங்க ஒரு கவளத்தை எடுத்து அவள் வாயில் வைத்தார். புகைப்படக்காரருக்குத் திருப்தி இல்லை.

"வெளிச்சம் சரியில்ல சார், இன்னொண்ணு. அம்மா, முழுங்கிடாத. வாயிலயே வச்சுக்கிட்டு சிரி. கண்ணுல கொஞ்சம் நன்றி."

பேச்சி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு சரியாக வந்ததும் இலையைத் தூக்கி அடுத்தவர் முன்னால் வைத்தார்கள். மற்ற பயனாளிகளாக மூன்றாமாண்டுப் பையன்களை நிறுத்தியிருந்தார்கள். கேமராவுக்கு எடுப்பாக இருக்கும் பையன்கள். ஒரே இலை எல்லோரிடமும் போய் வந்தது. ஜீவானந்தம் மேடைக்குக் கீழே நின்று அந்த இலை போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பிப் பேச்சியிடம் வரவில்லை.

"பேச்சி, உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்று பிரசன்னா ஒலிபெருக்கியை நீட்டினார். பெயர் அரங்கம் முழுக்கக் கேட்டது.

பேச்சி வாயில் இருந்ததை முழுங்கினாள். "நாளைக்கும் உண்டுமா சார்?" என்று கேட்டாள்.

பிரசன்னாதான் சமாளித்தார். "நாளைக்கு! கேட்டீங்களா? பசியில இருந்த ஒரு பொண்ணு இன்னைக்கு நாளையைப் பத்தி யோசிக்கிறா! இதுதான் சார் நம்பிக்கை! இதுதான் இம்பேக்ட்!" எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிறகு விருந்தினர்கள் சாப்பிட்டார்கள், பேராசிரியர்கள் சாப்பிட்டார்கள், பனியன் போட்ட தொண்டர்கள் சாப்பிட்டார்கள். பயனாளிகளுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள்.

மறுநாள் பேச்சி கேண்டீனுக்குப் போனாள். கதவில் மையத்தின் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. கேண்டீன் சமையலறையை மையத்தின் அலுவலகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, இனி அதன் தாக்கத்தை அளந்த பிறகே அடுத்த கட்டம் என்று ஜீவானந்தம் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அவள் "சரி சார்" என்றாள்.

அதே வாரத்தில் ஒரகடம் சந்திப்பில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. மேம்பாலத்தில் போகிற கம்பெனிப் பேருந்துகள் எல்லாவற்றிலிருந்தும் தெரிகிற மாதிரி. வாய் நிறையச் சோறோடு பேச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். 'பசித்திருந்தாள் பேச்சி. புசிக்க வைத்தது திருவளர்மதி.' கீழே, பசித்தால் அழையுங்கள் என்று ஜீவானந்தத்தின் கைபேசி எண். அவருக்கு அழைப்புகள் வந்தன. ஷிப்டு முடிந்த தொழிலாளிகள் பார்சல் உண்டா என்று கேட்டார்கள். சிலர் சைவமா அசைவமா என்று கேட்டார்கள்.

ஒரு நாள் வேறு மாதிரி ஒரு குரல் வந்தது.

"பேச்சியோட அப்பா அய்யாத்துரை பேசுதேன் சார். எங்க ஊர்க்காரப் பய ஒருத்தன் அங்கன வேல பாக்கான். படம் எடுத்து அனுப்பிட்டான். சந்தை பூரா போன்ல பாத்துட்டானுவ." பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். சாப்பிட்டியான்னு நான் எம்மவகிட்ட தெனம் கேப்பேன். சாப்பிட்டேன்னுதான் சொல்லுவா. அவ எங்கிட்ட பொய் சொன்னாளா, இல்ல நீங்க பொய்யாப் போட்டிருக்கியளா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மனிதர் தாங்க மாட்டார் என்று ஜீவானந்தத்துக்குத் தோன்றியது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார் அய்யாத்துரை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வைத்துவிட்டார்.

ஜீவானந்தம் முதல்வர் அறைக்கு ஓடினார். படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். அடுத்த ஆய்வுக் குழு வரும்வரை எடுக்க முடியாது என்றார் பகலவன். பெயரையாவது மறைக்கலாமே என்றார் ஜீவானந்தம்.

"பேர் இல்லைன்னா போலின்னு சொல்லிடுவாங்க. நாம ஒரு நேர்மையான நிறுவனம், ஜீவானந்தம்."

பேச்சி வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். அக்காவோடு சேர்ந்து கதவுக் கைப்பிடிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள். மையத்தின் ஆண்டறிக்கையில் இது வந்தது: அசல் பயனாளிகளில் நூறு சதவீதம் பேர் பசியிலிருந்து மீண்டதோடு வேலைவாய்ப்பும் பெற்றனர். மறுபடி வந்த குழு அதைப் படித்துவிட்டுத் தரத்தை உயர்த்திக் கொடுத்தது. ஜூன் மாதம் ஜீவானந்தத்தின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

புதிய ஆண்டு தொடங்கிய வாரத்தில், ஒரு காலை, ஜீவானந்தம் பென்னலூர் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். கம்பெனிச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். பேச்சி அவரைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"வாங்க சார். நல்லாருக்கியளா?"

"நல்லாகீறேம்மா. நீ... படிப்ப இப்படியே வுட்டுடப் போறியா? பரீட்சையாவது எழுதலாம். ஃபீஸுக்கு நான் கேட்டுப் பாக்கறேன்."

"கம்பெனி லைன்ல நின்னு வேல பாத்துட்டு வந்தா புஸ்தகத்தத் தொறக்க முடியல சார். எழுத்து எல்லாம் ஓடுது." அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. "சோறு நல்லாருக்கு. ரெண்டாந்தரம் கேட்டாலும் போடுதாவ. யாரும் படம் எடுக்கல."

"உங்கப்பா பேசறாரா?"

"பேசுதாவ. சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கதில்ல."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் பேருந்து வளைவில் திரும்பியது. பேச்சி ஒரு எட்டு நகர்ந்தவள் திரும்பி வந்தாள்.

"சார், எங்க ரூமுக்குப் புதுசா ஒரு புள்ள வந்திருக்கு. வேல்விழின்னு பேரு. நம்ம காலேசுதான், மொத வருசம். அவளுக்கும் அடுப்பு கெடையாது. நான் பழம் கொண்டாந்து குடுக்கேன். எப்படியாவது ஓட்டிருவா. அவகிட்ட மட்டும் இந்தத் திட்டத்தப் பத்திச் சொல்லிராதிய சார். அவ கூச்சம் இல்லாத புள்ள, நம்பிருவா."

"சொல்ல மாட்டேம்மா" என்றார் ஜீவானந்தம்.

திங்கட்கிழமை மதியம் முதலாமாண்டு மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு. ஜீவானந்தம் படங்களை வேகமாக ஓட்டினார். ஒரு வார்த்தையும் தெளிவாகக் கேட்காதபடி முணுமுணுத்தார். மின்விசிறிச் சத்தம் துணையாக இருந்தது. கடைசிப் படத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தபோது பின்கதவு திறந்தது. பகலவனும் பிரசன்னாவும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். பிரசன்னா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சத்தமா, ஜீவானந்தம்" என்றார் முதல்வர்.

ஜீவானந்தம் அறிவிப்பைச் சத்தமாகப் படித்தார். உணவு உதவி தேவைப்படுவோர் கை தூக்கலாம்.

முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது. யாரும் பிடித்துத் தூக்கவில்லை. அதுவாகவே நேராக எழுந்தது.

"எனக்கு வேணும் சார். இதுக்கு யாரப் பாக்கணும்?"

வகுப்பு சிரிக்க மறந்து அவளைப் பார்த்தது. பின்னால் பிரசன்னா புகைப்படக்காரருக்கு ஃபோன் செய்ய வெளியே போனார். முதல்வர் அங்கேயே நின்று ஜீவானந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத்தாம்மா பாக்கணும்" என்றார் ஜீவானந்தம்.

அவர் பேனாவை எடுக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, தன் பெயரை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள்.